கடிக்கிற ஆமைக்கு மட்டும் நோய் இல்லை

இந்த உலகத்தில் இதுவரை பிடிபடாமல் போன குற்றவாளிகள் அத்தனை பேரையும் காப்பாற்றியது ஒரே ஒரு பொருள்தான். அது சோப்பு.

கடலாமை ஆஸ்பத்திரியின் முன்வாசலில், கை கழுவும் பேசினுக்குப் பக்கத்தில் நின்று, துப்பறியும் நிபுணர் இதை அறிவித்தார். முகத்தில் சிரிப்பு துளியும் இல்லை. தடயம் என்பது துப்பறிகிறவன் கையில்தான் வந்து ஒட்டும். கையைக் கழுவுகிறவன் பாதி வழக்கைச் சாக்கடையில் விடுகிறான். ஆகவே வழக்கை எடுத்த நிமிடத்திலிருந்து முடிக்கிற நிமிடம்வரை தன் கையில் சோப்பு படாது. இதைக் கேட்ட ஊழியர்கள் சிலர் ஓரடி பின்வாங்கினார்கள். அதை மரியாதை என்று நிபுணர் எடுத்துக்கொண்டார்.

"போன வழக்கு இழுத்துக்கிட்டே போச்சு. அக்கா இவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி ரூம் குடுத்துட்டா," என்றான் பின்குறிப்பு.

பின்குறிப்பு என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. நிபுணர் எதைச் சொல்லி முடித்தாலும் அதன் வாலில் ஒரு வரியைக் கட்டித் தொங்கவிடுவான் என்பதால், எரிச்சலில் நிபுணரே வைத்தது. உதவியாளரை மாற்றிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு அவர் பதில் சொல்வதில்லை. பின்குறிப்பு அவருடைய மனைவியின் தம்பி. சில நியமனங்கள் சமையலறையில் முடிவாகின்றன. அவற்றுக்கு மேல்முறையீடு கிடையாது.

விஷயம் இதுதான். வலையில் சிக்கியும் படகில் அடிபட்டும் கரை சேரும் கடலாமைகளைத் தேற்றி, திரும்பவும் கடலில் விடுகிற இடம் அது. நீளமான ஒரு கூடம், இருபுறமும் கதவு, நடுவில் வரிசையாகத் தொட்டிகள், தொட்டிக்கு ஓர் ஆமை. கடைசியாக வந்த ஆமை ஓட்டில் புண்ணோடு வந்தது. அதைப் பின்கதவுக்குப் பக்கத்தில், கடைக்கோடித் தொட்டியில் விட்டார்கள். அதன் பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாகச் சுருண்டன. ஒன்றுக்குத் தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்தது. ஒன்றுக்கு ஓடு, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி கொழகொழத்தது. இன்னொன்றுக்கு நுரையீரலில் சளி கட்டிவிட்டது. மூழ்க முடியாமல், ஒரு பக்கம் சாய்ந்து, ஓட்டை விழுந்த தோணியாக மிதந்தது.

தண்ணீரில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரித் தலைவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மனிதர்களுக்கான பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே கௌரவத் தலைவர். எல்லோருக்கும் பெரிய டாக்டர். தண்ணீர் என்றால் மோட்டார்காரர். பின்கதவை ஒட்டிய மோட்டார் அறையில் வேலை, அதற்குப் பின்னாலேயே குடித்தனம். வேலையும் வீடும் அன்று சாயங்காலத்தோடு சரி என்று உத்தரவாகியிருந்தது.

சாயங்காலத்துக்குள் உண்மை தெரிந்தாக வேண்டும் என்று நிபுணருக்குப் போன் செய்தவர் சின்ன டாக்டர். ஆமைகளுக்கு நிஜமாகவே வைத்தியம் பார்ப்பவர். பெரிய டாக்டரின் மருமகள். மகன் கப்பலில் வேலை பார்த்தான், ஆகவே எந்த வம்பிலும் இல்லை.

சின்ன டாக்டருக்கு வாய் நன்றாகவே வேலை செய்தது. கூடத்துக்குள் நுழைந்த வேகத்தில் நிபுணர் கடைக்கோடிக்குப் போய்ப் புண்ணாமையின் ஓட்டைத் தடவிப் பார்க்க, "கையை எடுங்க சார். இது கடைச்சரக்கில்ல," என்று ஓர் அதட்டல். தொட்டி விளிம்பில் முழங்கை ஊன்றிய பின்குறிப்புக்கு ஓர் அதட்டல். ஒரு தொட்டியின் வாளியை அடுத்த தொட்டிக்கு எடுத்துப் போன ஊழியருக்குக் கூடம் எதிரொலிக்க ஒன்று. தொட்டிக்குத் தனி வாளி, தனி வலை, தனிப் பிரஷ் என்பது அங்கே சட்டம்.

"தனித் தட்டு, தனி டம்ளர். எங்கக்காவும் ஆமை டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்," என்றான் பின்குறிப்பு.

சின்ன டாக்டர் ரப்பர் கையுறை நீட்டினார். உறை என்பது திருடர்களின் சீருடை என்று நிபுணர் மறுத்துவிட்டார். அதற்கு மேல் அவரைக் கைகட்டி நிற்கச் சொல்லிவிட்டு, சின்ன டாக்டர் தொட்டி தொட்டியாகக் காட்டினார். ஒவ்வொரு தொட்டிக்கும் புது உறை மாட்டிக்கொண்டார்.

நோய் பின்கதவிலிருந்து முன்கதவை நோக்கி நடந்து வந்திருந்தது. புண்ணாமைக்குப் பக்கத்துத் தொட்டிக்கு நோய் கடுமை. அதற்கடுத்ததற்குக் கொஞ்சம் குறைவு. முன்வாசல் பக்கம் வரவர லேசு. ஆனால் நட்டநடுவில் ஒரு தொட்டியில் ஒரு பெரிய தலைக்காரி, ஓடு பளபளக்க, நோயா அப்படின்னா என்ன என்று கேட்கிற முகத்தோடு வட்டமடித்துக்கொண்டிருந்தாள். பெயர் கடுகடு. நிபுணர் பெயர்க்காரணம் கேட்கக் குனிந்தார். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தலை வந்து, அவர் மூக்கு ஒரு நொடிக்கு முன் இருந்த இடத்தில் டக்கென்று வாயை மூடிவிட்டுப் போனது.

"ஆமைக்குப் பல்லே கிடையாதுன்னு படிச்சிருக்கேன்," என்றார் நிபுணர், சுவரில் சாய்ந்தபடி.

"அதனாலதான் இத்தனை பேரோட விரல் மிச்சமிருக்கு," என்றார் சின்ன டாக்டர்.

அடுத்து மோட்டார் அறை. உள்ளே நான்கைந்து மோட்டார்கள் ஒரே நேரத்தில் புலம்பிக்கொண்டிருந்தன. மோட்டார்காரர் அவற்றுக்கு மேல் புலம்பினார். தொட்டிக்குத் தனி மோட்டார், தனி வடிகட்டி, தனிக் குழாய். ஒரு தொட்டித் தண்ணீர் இன்னொரு தொட்டியைக் கனவில்கூடப் பார்த்ததில்லை என்றார். ஒரு குழாயை மூடியும் காட்டினார். ஒரே ஒரு தொட்டிதான் அடங்கியது. ஆமைகளைத் தொட்டதுண்டா என்று கேட்டதற்கு, அதுகள் பார்க்கிற பார்வையே தனக்குப் பிடிப்பதில்லை என்று சொன்னார். கதவுக்கு அப்பால் அவர் மனைவி பாத்திரங்களைப் போர்வையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாத்திரமும் மற்றதன்மேல் விழுகிற சத்தம், பேசாமலே பேசியது.

வெளியே வந்ததும் நிபுணர் வழக்கை முடித்துவிட்டார். குற்றவாளி பின்கதவு வழியாக வந்திருக்கிறான். கையில் விஷம். முதல் தொட்டியில் அதிகம் கொட்டினான், போகப்போகக் குறைத்தான். பின்கதவுக்குப் பக்கத்தில் இருப்பது யார்? மோட்டார்காரர். சாயங்காலம்வரை காத்திருக்கவே தேவையில்லை.

"நடுவுல கடுகடுகிட்ட வந்ததும் மட்டும் விஷம் தீர்ந்து, அடுத்த தொட்டிக்குத் திரும்ப ஊறிடுச்சா அத்தான்?"

"வேலை நேரத்துல சார்னு கூப்பிடு."

"ஊறிடுச்சா சார்?"

நிபுணர் நடக்க ஆரம்பித்தார். அவரைப் பற்றி எத்தனை கேலி செய்தாலும் பின்குறிப்பு ஒன்றை மட்டும் மறுக்க மாட்டான்: அந்தத் தலைக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது, அதை யாராவது குத்தினால் ஓடும். இப்போது ஓடத் தொடங்கியது அவர் நடந்த விதத்திலேயே தெரிந்தது. நான்கு எட்டு போய் நின்றார்.

"விஷம் வெக்கிறவன் எட்ட நின்னு ஊத்திட்டுப் போயிடுவான். அவனுக்குக் கடி பயம் எதுக்கு? தொட்டுப் பாக்கிறவன்தான் கடிக்கிற ஆமையை விட்டுட்டுப் போவான். இது கொட்டின நோய் இல்லடா. தொட்ட நோய்."

பின்குறிப்பு வாயைத் திறந்து, சொல்ல ஒன்றும் இல்லாமல், மூடிக்கொண்டான். கூட்டு வாழ்க்கையில் இது இரண்டாவது முறை.

யார் தொடுகிறார்கள் என்று தேட வேண்டியிருக்கவில்லை. அந்த நேரத்தில்தான் ரவுண்ட்ஸ் வந்தது.

பெரிய டாக்டர் வெள்ளைக் கோட்டில், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு வந்தார். ஆமையின் நெஞ்சில் அதை எங்கே வைப்பார் என்று யாரும் கேட்டதில்லை. பின்னால் ஊழியர் கூட்டம். கூட்டத்தின் தலையில் சின்ன டாக்டர், கையில் மடித்த துண்டு. பெரிய டாக்டர் நேரே கடைக்கோடிக்குப் போனார். மனிதர்களின் ஆஸ்பத்திரியில் மிக மோசமான நோயாளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த ஒழுங்கை இங்கே கொண்டுவந்தது தான்தான் என்று நிபுணருக்கு விளக்கினார். டாக்டரின் கை பட்டாலே நோயாளிக்குப் பாதி குணம் என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே உறையில்லாத கையைத் தண்ணீரில் விட்டு, புண்ணாமையின் ஓட்டில் புண் எவ்வளவு ஆழம் என்று விரலால் அழுத்திப் பார்த்து, அதே தண்ணீரில் கையை ஓர் ஆட்டு ஆட்டி எடுத்து, அடுத்த தொட்டிக்குப் போய் அடுத்த ஆமையின் கழுத்தைப் பாசத்தோடு தடவினார்.

தொட்டிக்கு ஒரு பேசின் இருந்தது. ஒவ்வொரு பேசினிலும் ஒரு சோப்பு. பெரிய டாக்டர் எல்லாப் பேசின்களையும் சுவரில் மாட்டிய படங்களைப் போலக் கடந்து போனார்.

கடுகடுவின் தொட்டி வந்தபோது மட்டும் மூன்றடி தள்ளி நின்று, கல்யாண மண்டபத்தில் தூரத்து உறவினருக்குக் காட்டுவது மாதிரி கையை உயர்த்திக் காட்டிவிட்டுத் தாண்டினார். அந்தக் கையின் ஆள்காட்டி விரலில் கட்டு. கார் கதவில் நசுங்கியது என்றார், யாரும் கேட்காமலே.

நிபுணர் மெல்ல நழுவி மோட்டார் அறைக்குப் போய் ஒரே கேள்வி கேட்டார். அந்தக் கார் எப்படிப்பட்டது?

"காரும் இல்ல, கதவும் இல்ல," என்றார் மோட்டார்காரர். "கடுகடு கவ்விட்டு விடவே இல்ல சார். அவர் போட்ட சத்தத்துல நான்தான் ஓடிப்போய்ப் பஞ்சு கொண்டாந்தேன். வேற யாரும் பாக்கல. அன்னையிலேருந்து என்னைக் கண்டாலே அவருக்கு ஆகல."

நிபுணரின் மீசை விரிந்தது. எல்லோரையும் கூடத்தில் நிறுத்திவைத்து, மெதுவாக நடந்து, கடைசியில் விரலை நீட்டுகிற காட்சி அவருக்கு மிகவும் பிடித்தது. அதற்காகத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தார் என்று அக்கா சொல்வாள். கூட்டத்தைச் சேர்க்கக் கிளம்பியவரைப் பின்குறிப்பு சட்டையைப் பிடித்து நிறுத்தி, ஒரு பேசினுக்கு முன் கொண்டுபோய் விட்டான்.

"சோப்பைப் பாருங்க அத்தான்."

"அதோட எனக்குப் பேச்சுவார்த்தை இல்ல."

"சும்மா பாருங்க. மேல பொறிச்ச எழுத்து அப்படியே இருக்கு. ஒருத்தர் கைகூடப் படல. எல்லாப் பேசின்லயும் இதே கதை. சின்ன டாக்டர் ரூம்ல எட்டிப் பாத்தேன், அங்க இருக்கிற சோப்பு மட்டும் தேஞ்சு இலை மாதிரி ஆயிடுச்சு. கழுவுறவங்களுக்கு ஒரு பேசின் போதும். அப்ப இத்தனையும் யாருக்காக வெச்சாங்க?"

நிபுணர் சோப்பைப் பார்த்தார். இரண்டு கையாலும் முதுகுக்குப் பின்னால் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"நம்ம எல்லாரையும் வார்த்தைக்கு வார்த்தை அதட்டினாங்க," என்றான் பின்குறிப்பு. "மாமனார் வந்ததும் துண்டு பிடிக்கிற ஆளாயிட்டாங்க. அவங்களுக்கு முதல்லேருந்தே தெரியும் அத்தான். நம்மளைக் கண்டுபிடிக்கக் கூப்பிடல."

சின்ன டாக்டரின் அறை சிறியது. ஒரு மேஜை, ஒரு நுண்ணோக்கி, ஒரு குளிர்பெட்டி, கிருமி வளர்க்கிற கண்ணாடித் தட்டுகள். மேஜைக்கு அடியில் ஓர் ஆமை தண்ணீரில்லாமல் ஈரத் துணிமேல் உட்கார்ந்திருந்தது; ஓட்டில் மஞ்சளாகக் களிம்பு. தினம் கொஞ்ச நேரம் இப்படி வெளியே வைத்தால்தான் புண் காயும் என்றார். மறுக்கவும் இல்லை, அழவும் இல்லை. கதவைச் சாத்தினார்.

எல்லாப் புண்ணிலிருந்தும் பஞ்சால் ஒற்றி எடுத்துத் தட்டில் வளர்த்துப் பார்த்துவிட்டார். எல்லாம் ஒரே கிருமி. அது கடலில் எப்போதும் இருப்பதுதான். நல்ல ஆமையை ஒன்றும் செய்யாது. அடிபட்டு, பயந்து, பட்டினி கிடந்து வருகிற ஆமைக்குத்தான் எமன். எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்றும் பார்த்தாகிவிட்டது. முன்துடுப்புப் பக்கமாக ஊசி போடுகிறார். பின்பக்கம் போட்டால் மருந்து உடம்பெல்லாம் பரவுவதற்குள் சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடக்கூடும். சளி கட்டியதற்கு மூக்கருகே மருந்துப் புகை பிடிக்கிறார். தண்ணீரையும் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைத்திருக்கிறார், குளிரில் ஆமையின் உடம்பு நோயோடு சண்டை போடாது.

"எல்லாம் செய்றேன். புண்ணும் ஆற ஆரம்பிக்குது," என்றார். "அடுத்த நாள் ரவுண்ட்ஸ் வருது."

"சொல்ல வேண்டியதுதானே டாக்டர்?" என்றான் பின்குறிப்பு.

"எப்படிச் சொல்றது? மனுஷங்களோட உயிரைக் காப்பாத்தின கை. மாமா, உங்க கை அழுக்குன்னு சொல்லணும். சொல்லிட்டு சாயங்காலம் அதே கைக்குக் காப்பி கொண்டு குடுக்கணும்." அவர் பின்குறிப்பை நேராகப் பார்த்தார். "நீங்க உங்க அத்தான்கிட்ட சொல்லிட்டீங்களா?"

பின்குறிப்பு மேஜைக்கு அடியிலிருந்த ஆமையைப் பார்த்தான். ஆமையும் அவனுக்கு உதவவில்லை.

பேசின் வைத்தால் புரிந்துகொள்வார் என்று நினைத்தாராம். பிறகு வாசனை சோப்பு. பிறகு துண்டு. இதற்குள் மோட்டார்காரர் தலையில் பழி விழுந்துவிட்டது. அவருடைய மனைவி மூட்டை கட்டுகிற சத்தம் இந்த அறைக்கும் கேட்கிறது. "நீங்க வெளியாள். சொல்லிட்டுப் போயிடலாம்," என்றார். "உங்களை அவர் ஒரு நாள்தான் திட்டுவார்."

ஆக, துப்பறிவதற்காக அல்ல, திட்டு வாங்குவதற்காக அழைக்கப்பட்டிருக்கிறோம் என்பது நிபுணருக்குப் புரிந்தது. இதற்கு முன்பும் பல வழக்குகள் அப்படி முடிந்ததுண்டு. அதை வாய்விட்டுச் சொன்னவர் இவர்தான் முதல்.

கூடத்தில் எல்லோரும் சேர்ந்தார்கள். மோட்டார்காரர் கதவோரம் நின்றார், அவருக்குப் பின்னால் மனைவி, காலடியில் மூட்டை. நிபுணர் மெதுவாக நடந்தார். நோய் நடந்த வழியைச் சொன்னார். கடிக்கிற ஆமையைச் சொன்னார். கார் கதவை மட்டும் சொல்லாமல் விட்டார். அது அவரிடமிருந்த கருணையில் பெரிய பங்கு. கடைசியில் விரலை நீட்டினார். அது பெரிய டாக்டரின் முகத்தை அல்ல, கையைக் காட்டியது.

பெரிய டாக்டர் கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் மோசமாக இருந்தது.

"ஒவ்வொரு தொட்டியிலயும் கையைத் தண்ணியிலதானே விடுறேன்? அதுவும் உப்புத் தண்ணி. கழுவிக் கழுவித்தானே தொடுறேன்?"

"நோயாளி குளிச்ச தண்ணியில கழுவுறீங்க டாக்டர்," என்றார் நிபுணர்.

"சரி," என்றார் பெரிய டாக்டர். "காலையில வாசல்ல சோப்பைப் பத்தி ஒருத்தர் பேசினார். மாடி ஜன்னல்லேருந்து கேட்டேன். நல்லாப் பேசினார். அதுக்கப்புறம் இந்தப் புண்ணாமையை அவரும் தடவினார், நான் கண்ணால பார்த்தேன். அவர் கையைக் கழுவிட்டாரா?"

எல்லோரும் நிபுணரின் கையைப் பார்த்தார்கள். அது சட்டைப் பையைத் தேடியது, கிடைக்கவில்லை. பின்குறிப்பின் நாக்கில் இதைவிட நல்ல வரி வாழ்நாளில் வந்ததில்லை. கதவோரம் இருந்த மூட்டையைப் பார்த்தான், வரியை விழுங்கினான்.

நிபுணர் பக்கத்துப் பேசினுக்குப் போனார். குழாயைத் திறந்தார். பொறித்த எழுத்து அழியாத சோப்பை எடுத்து, முன்பின் அறியாத விலங்கைத் தூக்குகிறவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் உருட்டினார். அது நழுவித் தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி உருட்டினார்.

பெரிய டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஏளனமாக, பிறகு சங்கடமாக, பிறகு பொறுக்க முடியாமல்.

"என்னய்யா கழுவுறீங்க? கட்டைவிரலை விட்டுட்டீங்க. நக இடுக்கை யார் கழுவுறது? நகருங்க."

கோட்டின் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு, நிபுணரைத் தோளால் தள்ளிவிட்டு நின்றார். அந்தக் கைக்கு எதுவும் மறந்திருக்கவில்லை. விரலிடுக்கு, புறங்கை, கட்டைவிரல், மணிக்கட்டு என்று நுரை ஏறியது. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே எத்தனையோ வருஷம் செய்தது. ஊழியர்களைத் திரும்பிப் பார்த்து, இனிமேல் இந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவரும் இப்படித்தான் கழுவ வேண்டும், தொட்டிக்குத் தொட்டி கழுவ வேண்டும், ரவுண்ட்ஸ் நல்ல ஆமையில் தொடங்கி நோயாளியில் முடிய வேண்டும் என்று, எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்ததுபோல உத்தரவு போட்டார். சின்ன டாக்டர் தலையை ஆட்டி, முதல் தடவை கேட்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டார்.

முழங்கைக்கு நுரை வந்தபோது குழாயில் தண்ணீர் நூலாக மெலிந்தது.

"தண்ணி சன்னமா வருது பாரு. மோட்டார்காரர் எங்க? போய் மோட்டாரைப் போடச் சொல்லுங்க."

மோட்டார்காரர் மூட்டையைத் தாண்டி ஓடினார். அவர் மனைவி குனிந்து, அங்கேயே, அந்த இடத்திலேயே முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். தண்ணீர் பீறிட்டு வந்தது. சின்ன டாக்டர் துண்டை நீட்டினார்; இத்தனை நாளில் முதல் முறையாக அது ஈரமானது.

திரும்பும் வழியில் நிபுணர் வெற்றியை விளக்கினார். கழுவியது ஓர் உத்தி. எதிரியின் தொழில் கர்வத்தைத் தூண்டுகிற நாடகம். சோப்பைப் பற்றிய தன் கொள்கையில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. முன்வாசல் வந்ததும் செருப்புக் கயிற்றைச் சரிசெய்யப் போவதாகச் சொல்லிப் பின்தங்கினார். செருப்பில் கயிறு இல்லை.

பின்குறிப்பு வண்டியருகே நின்று கண்ணாடியில் பார்த்தான். நிபுணர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, வாசல் பேசினில் குழாயைச் சத்தம் வராதபடி திறந்து, விட்டுப்போன கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு நக இடுக்கு. பிறகு, யோசித்து, முழங்கைவரை.

ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தவரிடம் பின்குறிப்பு ஒன்றும் சொல்லவில்லை. டிக்கியிலிருந்த துணியை எடுத்து, மடித்து, நீட்டினான்.